ஓப்பன்சிம்: முனைவர் பட்ட ஆய்வுக்கு எந்த அளவுக்கு நம்பலாம்?

இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு உயிரிப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வருகிறவர்களில், மனித நடையையோ மூட்டுகள் தாங்கும் சுமையையோ ஆராய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே, உடலின் அசைவையும் தசை விசைகளையும் கணக்கிடும் ஓப்பன்சிம் மென்பொருளைக் கணினியில் நிறுவிவிடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டெல்ப் தலைமையிலான குழு உருவாக்கி 2007 இல் அறிமுகப்படுத்திய இந்த மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. மூலநிரலையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். இதே துறையில் புழங்கும் டென்மார்க்கின் எனிபாடி மென்பொருள் கட்டண உரிமத்தில் கிடைப்பது. உதவித்தொகையை நம்பி ஆய்வு செய்யும் மாணவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. ஆனால் இந்த மதிப்புரையில் நான் முக்கியமாகப் பார்க்க விரும்புவது, ஓப்பன்சிம் தரும் விடையை ஆய்வுக்குழுவின் முன் நின்று எந்த அளவுக்குத் தாங்கிப் பேச முடியும் என்பதைத்தான்.

எலும்புகளை வளையாத உறுப்புகளாகவும், மூட்டுகளை அவற்றின் இணைப்புகளாகவும், தசைகளைச் சுருங்கி இழுக்கும் விசை இயக்கிகளாகவும் இது எடுத்துக்கொள்கிறது. ஆகவே, இயந்திர இயக்கவியல் படித்தவருக்கு முதல் நாளே பழகிய இடத்துக்கு வந்த உணர்வு ஏற்படும். கேமராக்கள் பின்தொடர்வதற்காக உடலில் ஒட்டிய சிறு குறிகளான மார்க்கர்களின் இருப்பிடமும், தரையில் பதித்த விசைத்தட்டின் அளவீடும் கையில் இருந்தால் போதும்: மாதிரி உடலை நபரின் அளவுக்கு மாற்றி, மூட்டுக் கோணங்களைக் கண்டு, மூட்டுகளைச் சுழற்றும் திருப்புவிசைகளைக் கணக்கிட்டு, கடைசியாக ஒவ்வொரு தசையும் எவ்வளவு விசை கொடுத்தது என்பது வரை வரிசையாகப் போகலாம். இந்த வரிசையின் தெளிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஒவ்வொரு படியின் விடையும் தனிக் கோப்பாக வருவதால், தவறு எங்கே நுழைந்தது என்று பின்னோக்கிச் சென்று தேட முடிகிறது.

சிக்கல் தொடங்குவது அளவு மாற்றும் படியில்தான். மென்பொருளுடன் வரும் கெய்ட்2392 என்ற பொது மாதிரி, ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரமும் 75.16 கிலோ எடையும் உள்ள ஓர் உடலைக் குறிக்கிறது. அதில், உடல் தனித்தனியாக அசையக்கூடிய 23 இயக்க வழிகளும், தசைகளைக் குறிக்கும் 92 இயக்கிகளும் உள்ளன. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள, 48 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு இதை மாற்றும்போது எலும்புகளின் நீளம் குறைகிறது, உறுப்புகளின் நிறை குறைகிறது, தசைநார்களின் நீளமும் அதற்கேற்ப மாறுகிறது. ஆனால், ஒவ்வொரு தசையும் தரக்கூடிய உச்ச விசை தானாகக் குறைவதில்லை; பொது மாதிரியில் இருந்த எண்ணே நீடிக்கிறது. அந்தப் பெண்ணின் தொடையில் வேறோர் உடலின் வலிமை உட்கார்ந்திருக்கிறது என்பதைத் திரையில் எதுவும் காட்டிக்கொடுக்காது. இதை மாற்றும் வழி இருக்கிறது, ஆனால் அதை மாணவரே கேட்டுத் தெரிந்து செய்ய வேண்டும்.

நம் ஊர் ஆய்வுகளுக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. குந்தி உட்காருவதும் சம்மணமிடுவதும் நம்மிடையே அன்றாட வேலைகள். முழங்கால் மாற்று அறுவை செய்துகொள்கிறவர்கள் மருத்துவரிடம் முதலில் கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான். ஆனால் கெய்ட்2392 மாதிரியில் முழங்கால் 120 பாகை வரைதான் மடங்கும். முழுமையாகக் குந்தும்போதோ அந்தக் கோணம் இதைத் தாண்டிவிடுகிறது. எல்லையை மட்டும் நீட்டிவிட்டால் போதாது. தசைகள் எலும்பைச் சுற்றிச் செல்லும் பாதை அந்தக் கோணங்களில் சரியாக அமைவதில்லை. தொடையும் கெண்டைக்காலும் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி முழங்காலின் சுமையைக் குறைப்பதும் இந்த மாதிரியின் கணக்கில் இல்லை. முழங்காலை மேலும் மடக்கவும் குந்தும் அசைவை ஆராயவும் பிற ஆய்வாளர்கள் 2017 முதல் வெளியிட்ட திருத்திய மாதிரிகள் இருக்கின்றன. தரையில் உட்காரும் மக்களை ஆராய்கிறவர் அவற்றிலிருந்து தொடங்குவதே முறை. பொது மாதிரியிலிருந்து தொடங்கியவரின் முழங்கால் விசை எண்களை நான் ஏற்க மாட்டேன்.

மூட்டுக் கோணம் காணும் படியில் மென்பொருள் மிக நேர்மையாக நடந்துகொள்கிறது. திரையில் மாதிரியின் மார்க்கர்கள் இளஞ்சிவப்பு நிறத்திலும், ஆய்வகத்தில் பதிவானவை நீல நிறத்திலும் தெரியும். கீழே உள்ள செய்திப் பெட்டியில், ஒவ்வொரு நொடித்துணுக்குக்கும் சராசரிப் பிழை எவ்வளவு, மிக அதிகமான பிழை எவ்வளவு, அது எந்த மார்க்கரில் வந்தது என்று வரி வரியாக ஓடிக்கொண்டிருக்கும். இடுப்பெலும்பின் முன்முனை மார்க்கர் திரும்பத் திரும்ப அங்கே வந்தால், வயிற்றுச் சதையின் மேல் ஒட்டப்பட்ட அந்த மார்க்கர் எலும்போடு சேர்ந்து நகரவில்லை என்று ஊகிக்கலாம். உருவாக்கியவர்களே தந்துள்ள வழிகாட்டலின்படி, சராசரிப் பிழை 2 சென்டிமீட்டருக்குள்ளும், மிக அதிகமான பிழை 2 முதல் 4 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். இந்த வரிகளைப் படிக்கப் பொறுமையில்லாதவர் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

எஞ்சும் விசைக்கும் இதே வழிகாட்டல் உண்டு. அளந்த அசைவும் அளந்த தரை விசையும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. அந்த வேறுபாட்டை ஈடுகட்ட, உண்மையில் இல்லாத ஒரு விசையை மென்பொருள் இடுப்பெலும்பில் சேர்க்கிறது; இதுவே எஞ்சும் விசை. அது வெளிவிசையின் உச்சத்தில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. 60 கிலோ எடையுள்ளவர் சாதாரணமாக நடக்கும்போது தரை விசையின் உச்சம் ஏறத்தாழ 650 நியூட்டன் என்றால், கற்பனை விசை 32 நியூட்டனைத் தாண்டக் கூடாது. முனைவர் பட்டக் கருத்தரங்குகளில் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான், பல நேரங்களில் அது இருப்பதில்லை. எலும்புக்கூடு நடக்கும் அசைபடம் ஓடும். இயங்கும் தசைகள் சிவப்பாகவும் ஓய்ந்தவை நீலமாகவும் மின்னும். அரங்கில் இருப்பவர்கள் அதில் ஒன்றிவிடுவார்கள். பேசுகிறவரோ கேட்கிறவரோ பிழையின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே நேரம் முடிந்துவிடும். ஆய்வுக்குழு உறுப்பினர்கள் இயந்திரவியல் பக்கத்திலிருந்து ஒருவரும் மருத்துவப் பக்கத்திலிருந்து ஒருவருமாக இருக்கும்போது, இருவருமே மற்றவர் சரிபார்த்திருப்பார் என்று விட்டுவிடும் அபாயம் உண்மையானது.

தசை விசையைக் கணக்கிடும் நிலை உகப்பாக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். தேவையான திருப்புவிசையை எந்தத் தசைகள் பகிர்ந்தன என்பதற்கு எண்ணற்ற விடைகள் இருப்பதால், தசைத் தூண்டல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் விடையை அது தேர்ந்தெடுக்கிறது. நலமாக நடப்பவருக்கு இது பெரும்பாலும் பொருந்தும். வலிக்குப் பயந்து முழங்காலின் முன்பக்கத் தசையையும் பின்பக்கத் தசையையும் ஒரே நேரத்தில் இறுக்கும் மூட்டுத் தேய்மான நோயாளியிடம், அந்த இறுக்கத்தை இந்த முறை குறைத்தே காட்டும். மூட்டின் சுமையும் குறைவாகவே வரும். தசைகள் இயங்கும்போது எழும் மின் சைகைகளின் பதிவோடு (EMG) ஒப்பிடாமல் நோயாளிகளைப் பற்றி முடிவு சொல்லும் அத்தியாயம் ஆய்வேட்டில் இடம்பெறக் கூடாது.

புதிய வசதிகளில் மோக்கோ குறிப்பிடத் தக்கது. அளந்த அசைவு இல்லாமலேயே, இலக்கை மட்டும் கொடுத்து அசைவைக் கணிக்க அது உதவுகிறது. ஓப்பன்சிம்மைச் சார்ந்து 2023 இல் கட்டுரையாக வெளிவந்த ஓப்பன்கேப், இரண்டு ஐபோன்களின் காணொளியிலிருந்தே மூட்டுக் கோணங்களைத் தருகிறது. விலையுயர்ந்த கேமரா ஆய்வகம் இல்லாத கல்லூரிகளுக்கு இது பெரிய வாய்ப்பு. நிறுவுவதும் பைத்தான், மேட்லாப் ஆகிய நிரல்மொழிகள் வழியாக இயக்குவதும் முன்பைவிட எளிதாகியிருக்கின்றன. பயிற்சிப் பாடங்களும் பதிவு செய்யப்பட்ட இணையக் கருத்தரங்குகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை மட்டுமே பின்பற்றி ஒருவர் அடிப்படையைக் கற்றுவிடலாம்.

செயற்கைக்கால், நடைத் துணைக்கருவி, விளையாட்டுக் காயம், மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவற்றில் ஆய்வு செய்கிறவர்களுக்கு ஓப்பன்சிம்மைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். குருத்தெலும்புக்குள் அழுத்தம் எப்படிப் பரவுகிறது, திருகாணியைச் சுற்றி எலும்பு எங்கே விரிசல் விடும் என்பன போன்ற கேள்விகளுக்கு இது விடை தராது. அங்கே, பொருளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபெபியோ போன்ற வரம்புறு உறுப்பு மென்பொருள் வேண்டும். ஓப்பன்சிம் தரும் தசை விசைகளை அதற்கு உள்ளீடாகக் கொடுக்கலாம். ஆனால், எஞ்சும் விசையின் அட்டவணையையும் சேர்த்தே நெறியாளரிடம் கொடுங்கள்.