சீரியல் பஸ்ஸுக்கு ஸ்கோப் ட்ரிகர்: சில வருஷம் யூஸ் பண்ண பிறகு

நாலு சேனல், 100 மெகாஹெர்ட்ஸ், ஐ2சி, எஸ்பிஐ, யூஆர்ட்னு சிப்புங்க டேட்டா அனுப்பற சீரியல் பஸ்ஸுக்கெல்லாம் ட்ரிகரும் (கேட்ட சிக்னல் வந்ததும் பிடிக்கிறது) டீகோடும் இருக்கிற நடுத்தர விலை ஸ்கோப் (ஆசிலோஸ்கோப், சிக்னலை அலையா வரைஞ்சு காட்டற கருவி) ஒண்ணு சில வருஷமா பெஞ்ச்ல ஓடிட்டிருக்கு. பிராண்ட் பேர் வேணாம், இந்த ரேஞ்ச்ல மெனு பேர்தான் மாறும், வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். வாங்கறப்போ எல்லாரும் "டீகோட் இருக்கா"ன்னுதான் கேக்கறாங்க, ஆனா டீகோட் ஏற்கனவே பிடிச்ச சிக்னலைத்தான் படிச்சுக் காட்டும், ஆயிரம் பாக்கெட் ஒழுங்கா போயி நடுவுல ஒண்ணு சொதப்புதுன்னா அதைப் பிடிச்சுக் குடுக்கறது ட்ரிகர்தான்.

ட்ரிகர் மோடை ஆட்டோல விட்டுட்டு எந்த சீரியல் ட்ரிகரும் போடாதீங்க. கொஞ்ச நேரம் ட்ரிகர் வரலேன்னா அது பாட்டுக்கு ஸ்வீப் பண்ணிடும் (திரையை மறுபடி வரைஞ்சிடும்), எப்பவாச்சும் வர்ற ஃப்ரேம் அதுல அடிச்சிட்டுப் போயிடும். நார்மல் (ட்ரிகர் வந்தா மட்டும் வரையும்), இல்லேன்னா சிங்கிள் (ஒரு தடவை பிடிச்சு நின்னுடும்).

அப்புறம் த்ரெஷோல்ட், அதாவது எந்த வோல்டேஜுக்கு மேல 1, கீழ 0ன்னு ஸ்கோப் எடுத்துக்கணும்கிற லெவல். 3.3 வோல்ட் பஸ்ஸுன்னா 1.6 கிட்ட வைங்க, ஐ2சின்னா டேட்டா லைன் எஸ்டிஏ, க்ளாக் லைன் எஸ்சிஎல் ரெண்டுக்கும் தனித்தனியா பாத்து வைங்க. ஐ2சில இது ரொம்ப முக்கியம், ஏன்னா லைன் மேல ஏறுறது லைனை சப்ளை பக்கம் இழுக்கிற புல்அப் ரெசிஸ்டர் தயவுல. 10 கே புல்அப், கேபிளோட சேர்த்து 200 பிகோஃபாரட்னா ரைஸ் டைம் (லைன் மேல ஏற எடுக்கிற நேரம்) 1.7 மைக்ரோசெகண்ட் வரும், 100 கிலோஹெர்ட்ஸுக்கே ஸ்பெக் 1 மைக்ரோசெகண்டுக்கு மேல விடாது. அந்த மாதிரி சரிவுல லெவலை கொஞ்சம் தள்ளி வச்சா டீகோட் ஒண்ணு சொல்லும், சிப் வேற ஒண்ணு புரிஞ்சுக்கும்.

ஐ2சில நான் அதிகம் போடறது ஆக் (பைட்டு கிடைச்சுதுன்னு வாங்கின சிப் குடுக்கிற பதில்) வரலேன்னா நிக்கிற ட்ரிகர். ஆனா அது நின்ன இடமெல்லாம் ஃபால்ட் கிடையாது. ரீட் முடியறப்போ கடைசி பைட்டுக்கு பஸ்ஸை ஓட்டற மாஸ்டரே நாக் (ஆக் குடுக்காம விடறது) குடுக்கும், அது ப்ரோட்டோகால். 24சி சீரிஸ் ஈஈப்ராம் (பவர் போனாலும் மறக்காத மெமரி சிப்) ரைட் பண்ற 5 மில்லிசெகண்ட் வாக்குல அட்ரஸுக்கே பதில் சொல்லாது, அதுவும் நார்மல். உங்க ஸ்கோப்ல அட்ரஸுக்கு ஆக் இல்லைன்னு தனி ஆப்ஷன் இருந்தா அதைப் போடுங்க, ரீட் முடிவு நாக்ல நிக்காது, ஈஈப்ராம் ரைட்ல மட்டும் அப்பவும் நிக்கலாம். அட்ரஸ் குடுக்கறப்போ 7 பிட்டா 8 பிட்டான்னு பாருங்க, டிஎஸ்3231 ஆர்டிசி (கடிகார சிப்) 7 பிட்ல ஹெக்ஸ் 68, ரைட் பிட்டோட சேத்தா டி0. ட்ரிகரே வரலேன்னா பாதி நேரம் இதுதான் காரணம்.

யூஆர்ட்ல ஸ்டார்ட் பிட்டுன்னு ஃபாலிங் எட்ஜ் போட்டா பைட்டுக்கு நடுவுல எங்கயாச்சும் போய் நிக்கும். நான் சீரியல் மெனு பக்கமே போறதில்ல, பாசிட்டிவ் பல்ஸ் விட்த் ட்ரிகர்தான், அதாவது லைன் ஹைல எவ்ளோ நேரம் நின்னுச்சுன்னு பாத்து பிடிக்கிறது. மோட்பஸ் ஆர்டியூவை (தொழிற்சாலைக் கருவிங்க பேசற ப்ரோட்டோகால்) எடுத்துக்கோங்க, 9600 பாட், கேரக்டருக்கு 11 பிட், ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல 3.5 கேரக்டர் அமைதி (அப்போ லைன் ஹைலயே நிக்கும்), அதாவது 4 மில்லிசெகண்ட். ஃப்ரேமுக்குள்ள எவ்ளோ இழுத்தாலும் ஹை லெவல் 3 மில்லிசெகண்டைத் தாண்டாது. அதனால 3 மில்லிசெகண்டுக்கு மேலன்னு குடுத்தா, பெரும்பாலான ஸ்கோப்ல பல்ஸ் முடியற எட்ஜ்லதான் ட்ரிகர் ஆகும், அது அடுத்த ஃப்ரேமோட ஸ்டார்ட் பிட்டேதான், ஃப்ரேம் முழுசா ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். இது டிடிஎல் பக்கம், அதாவது சிப்போட பின்ல ப்ரோப் வச்சா. ஆர்எஸ்-232 லைன்ல வச்சா எல்லாம் தலைகீழ், நெகட்டிவ் பல்ஸ் போடணும்.

எஸ்பிஐ பத்தி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல, சிப் செலக்ட் (எந்த சிப்போட பேசறோமோ அதைத் தேர்ந்தெடுக்கிற லைன்) ஃபாலிங் எட்ஜ், முடிஞ்சுது.

கேன்ல (வண்டிங்கள்ல ஓடற பஸ்) அந்த பல்ஸ் விட்த் இன்னும் அழகா வேலை செய்யும். பிட் ஸ்டஃபிங் (ஒரே பிட் அஞ்சு தடவை வந்தா எதிர் பிட் ஒண்ணைச் சேர்க்கிறது) இருக்கறதால ஒழுங்கான ஃப்ரேம்ல டாமினன்ட் (0) 5 பிட்டுக்கு மேல தொடர்ந்து வராது, தப்பைக் கண்டுபிடிச்ச நோட் போடற எரர் ஃப்ளாக்னா குறைஞ்சது 6. 500 கேபிபிஎஸ்ல பிட் 2 மைக்ரோசெகண்ட், ரெண்டு லைன்ல கேன் ஹைல ப்ரோப், லெவல் 3 வோல்ட், ஏன்னா ரெசெஸிவ் (1) 2.5, டாமினன்ட் 3.5. பாசிட்டிவ் பல்ஸ் 11 மைக்ரோசெகண்டுக்கு மேல, சிங்கிள். நின்னுச்சுன்னா அது பெரும்பாலும் எரர் ஃப்ரேம்தான், ட்ரிகருக்கு முன்னாடி இருக்கிற பிட்டை ஜூம் பண்ணிப் பாத்தா ரிங்கிங்கா, டெர்மினேஷன் (கேபிள் முனைல போடற ரெசிஸ்டர்) இல்லையான்னு தெரிஞ்சிடும். கேன் டீகோட் ஆப்ஷனுக்கு தனி லைசென்ஸ் காசு, நான் இன்னும் வாங்கல.