தங்கச்சிமடம் லீவு கிளாஸ், பிள்ளைங்கள தாராளமா அனுப்பலாம்

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், பிள்ளைங்க அப்பா போட்டும் கரையில நிக்குது, ஸ்கூலும் லீவு, வீட்ல ரெண்டு பிள்ளைங்க சண்டை தாங்க முடியாமத்தான் தங்கச்சிமடத்துல ஒரு டீச்சரக்கா, சண்டை வந்தா அடிக்காம எப்படிச் சமாளிக்கிறதுன்னு மொட்டைமாடியில நடத்துற கிளாஸ்க்கு அனுப்புனேன்.

சண்டை போடாதன்னு அங்க சொல்றதே இல்லங்க. ரெண்டு சிரட்டைய வச்சு, அடிக்கிறது, பட்டப்பேரு சொல்றது, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறது எல்லாம் ஒண்ணுல, மூச்ச இழுத்து விட்டு நிதானமாகுறது, முறை வச்சுக்கிறது, பெரியவங்கள கூப்பிடுறது இன்னொண்ணுலன்னு பிள்ளைங்களே யோசிச்சு சோழி போடணும். "நீ எப்பவுமே இப்படித்தான்"னு கத்தாம "கேக்காம எடுத்துட்ட, எனக்குக் கோவம் வருது"ன்னு சொல்லப் பழக்குறாங்க. ஒருத்தன் தினமும் மிரட்டி அடிக்கிறான்னா அத நீயே பேசித் தீக்காத, உடனே வந்து சொல்லுன்னும் தெளிவா சொல்றாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். வலுக்கட்டாயமா சாரி சொல்ல வைக்கிறதும் கிடையாது.

போன வாரம் சைக்கிளுக்காக ஓங்குன கைய சின்னவன் அப்படியே இறக்கிட்டு "அக்கா, நீ சர்ச் வரைக்கும் ஒரு ரவுண்டு போ, அப்புறம் நான்"னான், கண்ணு கலங்கிருச்சு எனக்கு.

தகர ஷீட்டு கூரை, ஒரே ஃபேன், 11 மணிக்கு மேல பிள்ளைங்க வெந்து போகுதுங்க, டைம மட்டும் சாயங்காலத்துக்கு மாத்துங்கக்கா.