ஓடிடி சந்தாவா, டெலிகிராம் லிங்க்கா? கோபி செல்போன் கடையிலிருந்து ஒரு கணக்கு

போன வாரம் கவுந்தப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் கடைக்கு வந்தார். கரும்பாலை வைத்திருப்பவர். "ஏனுங் தம்பி, போனைத் தொடவே முடியறதில்லீங்க. பூட்டி வெச்சாலும் மேல மேல வெளம்பரம் வருதுங்க" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். புதுப்படம் பார்க்கப் பையன் டெலிகிராமில் வந்த ஏபிகே (பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆப் ஃபைல்) ஒன்றை ஏற்றியிருக்கிறான். படம் ஓடியிருக்கிறது. கூடவே 'வீடியோ பிளேயர்' என்ற பெயரில் ஒன்று, எஸ்எம்எஸ் படிக்கவும் திரையில் நடப்பதைக் கவனிக்கவும் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. நாட்டுச்சர்க்கரை மூட்டை விற்ற பணம் வந்து விழும் கணக்கும் அதே போனில்தான். ஓடிபி வருவதும் அதே எஸ்எம்எஸ்ஸில்தான். மொத்தத்தையும் அழித்து, வேறு போனிலிருந்து வங்கிக் கணக்கின் ரகசிய பின் நம்பரை மாற்றச் சொல்லி அனுப்பினேன். பணம் போகவில்லை, நல்ல நேரம்.

"அப்ப காசு கட்டிப் பாத்தா எவ்வளவுங்க ஆகும்?" என்று அவர் கேட்டதால்தான் இந்தக் கணக்கு.

2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டம் மாதம் 149 ரூபாய், ஒரு திரைக்கான பேசிக் 199. அமேசான் பிரைம் ஆண்டுச் சந்தா 1,499. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது, இரண்டு திரைக்கான திட்டம் ஆண்டுக்கு 899. அந்த விலைகளில் பேசிக்கை 12 மாதம் கட்டி மூன்றையும் சேர்த்தால் 4,786 ரூபாய். சன் நெக்ஸ்ட், ஆஹா மாதிரி மற்ற ஓடிடி எல்லாம் இதற்கு மேல். பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. இதைக் கட்டச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்த மாட்டேன்.

ஆனால் மூன்றையும் ஒரே நேரத்தில் கட்டி வைக்க வேண்டிய அவசியம் இல்லை. பெரும்பாலான தமிழ்ப் படங்கள் தியேட்டருக்கு வந்து நான்கு வாரம் வாக்கில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. ரெண்டு மூணு படம் சேரட்டும் என்று காத்திருந்து, அந்த மாதம் அந்த ஒன்றுக்கு மட்டும் கட்டினால் போதும். கட்டிய அன்றைக்கே ஆட்டோபேயை, அதாவது தானாகவே பணம் பிடிக்கும் ஏற்பாட்டை, ரத்து செய்துவிடுங்கள். பொதுவாக அந்த மாதம் முடியும்வரை படம் ஓடும். நான் மறந்துபோன ஒரு சந்தாவுக்கு என் கணக்கிலிருந்தே ஒரு நிறுவனம் ஆறு மாதம் பணம் பிடித்தது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கும் வந்திருக்கிறது, ஆஃபர் மெசேஜ்களுக்கு நடுவில் கிடந்திருக்கிறது.

காசு கட்டியவன் தோற்கும் இடமும் உண்டு. அது எனக்கு வயிற்றெரிச்சல். படத்தைக் காப்பி எடுக்க விடாமல் தடுக்க, போனில் வைட்வைன் என்ற பூட்டு இருக்கிறது. அது எல்1 என்ற மேல் தரத்தில் இருந்தால்தான் ஓடிடி படம் எச்டியில் தெரியும். விலை குறைந்த சில போன்களில் எல்3 என்ற கீழ்த் தரம்தான். போனின் சிஸ்டத்தை மாற்றுவதற்காக பூட்லோடரைத் திறந்தாலும் பல போன்களில் எல்3க்கு இறங்கிவிடும். அப்புறம் என்ன காசு கட்டினாலும் 480 பிக்சல்தான், மங்கல்தான். அதே போனில் திருட்டுப் பிரிண்ட் 1080இல் பளிச்சென்று ஓடும். முறையாகக் கட்டியவனுக்கு மங்கலும் திருடியவனுக்குத் தெளிவும் கிடைப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? சந்தா போடும் முன் உங்கள் போனில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஆர்எம் இன்ஃபோ என்ற ஆப் காட்டிவிடும். போதாக்குறைக்கு, 2025 ஜூனிலிருந்து பிரைமில் காசு கட்டியவர்களுக்கும் விளம்பரம் வருகிறது. அதை நீக்க ஆண்டுக்கு 699 தனி.

தியேட்டரில் திருட்டுத்தனமாக எடுத்த பிரிண்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். தலை மறைக்கும், இருமல் கேட்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தாலோ பரப்பினாலோ 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 3 லட்சத்தில் ஆரம்பித்து, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகும். ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் ஃபைல் எடுக்கும் டோரன்ட்டில் படம் இறக்கும் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளணும். இறங்கும்போதே உங்கள் போனோ கம்ப்யூட்டரோ அதே படத்தை மற்றவர்களுக்கு ஏற்றியும் விடுகிறது. பார்த்தவன் என்பதோடு நிற்காது, பரப்பியவனும் ஆகிவிடுவீர்கள்.

திருட்டு லிங்க் வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் கோபிசெட்டிப்பாளையத்தைச் சின்னக் கோடம்பாக்கம் என்பார்கள். கொடிவேரிப் பக்கம் ஷூட்டிங் என்றால் மெஸ், லாட்ஜ், ஜெனரேட்டர் வண்டி, கூட்டத்தில் நிற்கும் ஆட்கள் என்று ஊருக்குள் நாலு காசு புழங்கும். கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹாலைக் கட்டிய 1914இலிருந்து நம் பக்கத்து ஜனம் டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கிறது. லிங்க்கில் பார்க்கும் படத்தின் காசு சூதாட்ட விளம்பரக்காரனிடமிருந்து திருட்டுத் தளக்காரனுக்குப் போகிறது. கொடிவேரியில் சோறாக்கிப் போட்டவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

அண்ணனுக்கு நெட்ஃபிளிக்ஸின் 149 திட்டம் ஒன்று போட்டுக் கொடுத்து, அவர் எதிரிலேயே ஆட்டோபேயை ரத்து செய்தேன். உரிமை வைத்திருக்கும் கம்பெனிகளே யூடியூபில் இலவசமாக விட்டிருக்கும் பழைய படங்களையும் காட்டினேன். அவருடைய அம்மாவுக்குச் சின்ன வயதில் கொட்டாயில் பார்த்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வேணுமாம். மூன்று ஓடிடியிலும் தேடினேன், யூடியூபிலும் தேடினேன், இல்லை. ஒரு திருட்டுத் தளத்தில் மட்டும் கிடக்கிறது, அதுவும் பாதிப் படம்.