பயந்தாங்கொள்ளி வாங்கிய பிரஷர் மெஷின்

மூன்று நட்சத்திரம்தான். மெஷினில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. ஆனால் கவலைப்படுகிற ஆள் வாங்கினால் என்ன ஆகும் என்று ஒருவரும் எழுதக் காணோம். அப்பா பக்கவாதத்தில் போனதிலிருந்து, தலை லேசாகக் கனத்தாலே 'சரி, நமக்கும் வந்தாச்சு' என்று நினைக்கிற ஜென்மம் நான். அதற்காகத்தான் வாங்கினேன்.

முதலில் கஃப், அதாவது புஜத்தில் சுற்றுகிற பட்டை. கூடவே வருவது 22 முதல் 32 செ.மீ. வரைக்கும். என் புஜம் 34. கஃப் சிறிதாக இருந்தால் பிரஷரைக் கூட்டிக் காட்டும் என்று மருந்துக்கடைத் தம்பி சொல்லி, பெரியதைத் தனியாக வாங்க வைத்தார். நீங்களும் டேப்பால் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும். எடுத்துப் பார்த்தால் மேல் பிரஷர் 138. மனசு ஆறாது. உடனே இன்னொரு தடவை: 146. அடுத்தது 151, பக்கத்திலேயே சிவப்புக் கோடு. மெஷின் பொய் சொல்லவில்லை. பயந்தால் பிரஷர் ஏறும், ஏறினதைப் பார்த்தால் பயம் ஏறும். பச்சைக் கோடு வந்தாலும் நிம்மதி பாத்ரூம் போய்த் திரும்புகிற வரைக்கும்தான். போதாக்குறைக்கு இது ரீடிங்கை சத்தமாக வாசிக்கும். "ஏங்க, இந்நேரத்துல யாரோட பேசிட்டிருக்கீங்க?" என்று உள்ளிருந்து குரல் வரும். பின்பக்கம் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, வாங்கின அன்றே அந்தக் குரலை அணைத்துவிடுங்கள்.

டாக்டரம்மா மெஷினைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, நேரம் மட்டும் குறித்துக் கொடுத்தார். ஏழு நாள், காலையும் மாலையும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு ரீடிங். முதல் நாளைக் கழித்துவிட்டு மீதிக்குச் சராசரி. வீட்டில் எடுப்பது 135/85-க்குக் கீழே இருந்தால் போதும் என்றார். எனக்கு 128/82. மற்ற நேரத்தில் மெஷின் பீரோவில், சாவி மனைவியிடம்.

"பிரஷருக்கு மாத்திரை வேண்டாம். கவலைக்குத்தான் வைத்தியம் பார்க்கணும்" என்று மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். அங்கே சொன்னது வேடிக்கையாக இருந்தது: கவலைப்படுங்கள், ஆனால் நேரம் ஒதுக்கிப் படுங்கள். சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை. ராத்திரி வருவதை நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வேண்டும். பாதி நாள் ஆறு மணிக்கு என் கையெழுத்தே எனக்குப் புரிவதில்லை! படபடப்பு இன்னும் வரத்தான் செய்கிறது. பீரோ சாவியைக் கேட்பதுதான் குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்களுக்கு 14416 இருக்கிறது. அரசின் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

ஒன்று மட்டும்: வாய் கோணுவது, ஒரு கை துவள்வது, பேச்சு குழறுவது, நெஞ்சுவலி, இதெல்லாம் வந்தால் மெஷினை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். 108.

மற்றபடி இரண்டு பேர் ரீடிங்கைத் தனித்தனியாகச் சேமிக்கும், எழுத்து பெரிதாகத் தெரியும். பேட்டரிதான் கூட வருகிறது, அடாப்டர் தனிக் காசு. அதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்தேன், இன்னொன்று அந்தக் குரலுக்கு.