சாசரின் இரண்டு போலிச் சாமியார்கள்

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் எழுதிய ‘காண்டர்பரி கதைகள்’, யாத்திரை போகிறவர்கள் வழியில் கதை சொல்லிக்கொள்ளும் நூல்; அதில் அயோக்கியச் சாமியார்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் போட்டி என்று வந்தால் இருவர்தான்: ஹூபர்ட் என்ற இரந்துண்ணும் துறவி, பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன்.

ஹூபர்ட் இனிக்க இனிக்கப் பேசுபவர். காணிக்கை கனமாக இருந்தால் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் சடங்கில், தண்டனை லேசாகிவிடும். ஊரின் மதுக்கடைகள் அத்தனையும் அவருக்குத் தெரியும். தொழுநோயாளிகளின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். காலில் செருப்புகூட இல்லாத விதவையிடமும் ஒரு காசு கறந்துவிடுவார். இந்த ரகம் எந்தக் காலத்திலும் உண்டு.

சீட்டு விற்பவன் வேறு ஜாதி. தலையணை உறையை மாதாவின் முக்காடு என்பான். கண்ணாடிக் குப்பியில் பன்றி எலும்புகளை வைத்துக்கொண்டு புனிதரின் எலும்பு என்று காட்டிக் காசு பறிப்பான். ஏழைப் பங்குக் குரு இரண்டு மாதத்தில் காணாத பணத்தை ஒரே நாளில் பார்த்துவிடுவான். பிரசங்கத்தின் தலைப்போ, எல்லாத் தீமைக்கும் வேர் பேராசை! இந்தத் தந்திரங்களையெல்லாம் சக யாத்திரிகர்களிடம் அவனே வாய்விட்டுச் சொல்கிறான். சொன்ன கையோடு, அதே மனிதர்களிடம் கடையை விரிக்கிறான். யாத்திரிகர்களோடு வரும் விடுதிக்காரர் கொடுத்த வசவில்தான் அவன் வாயடைத்துப்போகிறான். பிறகு யாத்திரிகர்களில் ஒருவரான வீரப்பெருமகன் (நைட்) குறுக்கிட்டு இருவரையும் முத்தமிடவைத்துச் சமாதானப்படுத்துகிறார்.

பாத்திரப் படைப்பில் என் ஓட்டு சீட்டு விற்பவனுக்கே. பக்கத்து வீட்டில் யார் ஆபத்து என்று கேட்டால் மட்டும் ஹூபர்ட். அவர் ஒருநாளும் உண்மையை உளறமாட்டார்.