வெள்ளித் தேஜஸா, தங்க முலாம் சுகோயா?

விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பாவுக்குத் தையில் அறுபதாம் கல்யாணம். காரைக்குடி வீட்டில் குடம், குத்துவிளக்கு என வெள்ளிக்குக் குறைவில்லை. அதனால் போர் விமான மாடல் கொடுக்கலாம் என்று தேடினேன். மூன்று கையில் சிக்கின.

முதலாவது, தங்க முலாம் பூசிய சுகோய்-30. 1:72 அளவு, அதாவது அசல் நீளத்தில் 72இல் ஒரு பங்கு. அசல் விமானம் சுமார் 21.9 மீட்டர் என்பதால் மாடல் ஒரு முழுநீளப் பள்ளிக்கூட ஸ்கேல் அளவுக்கு, 30 செ.மீ. வரும். முகப்பில் வைத்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் உள்ளே துத்தநாகக் கலவை. மேலே இருப்பது பெயருக்குத் தங்கம். திருநீறு போட்டுத் தேய்த்தால் முனைகளில் முலாம் போய்விடும். விற்கப் போனால் தங்க விலை கிடைக்காது.

இரண்டாவது, அதே அளவில் வெள்ளித் தகடு போர்த்தியது. எனக்குப் பிடிக்காதது இதுதான். உள்ளே பிசின் நிரப்பியிருப்பார்கள், தூக்கினால் கனமாகத்தான் இருக்கும். பில்லில் மொத்த எடையைப் போட்டு நிகர வெள்ளி எடையை விட்டுவிட்டால், பிசினுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

மூன்றாவது, 925 வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) வார்த்த தேஜஸ், 1:144. அசல் 13.2 மீட்டர், மாடல் 9 செ.மீ. சொச்சம், உள்ளங்கைக்குள் அடங்கும். இத்தனூண்டா என்று முதலில் தோன்றியது. அப்புறம் கணக்குப் போட்டேன். அளவு பாதியானால் எடை பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். இதே தேஜஸை 1:72இல் திடமாக வார்க்கச் சொன்னால் வெள்ளி எட்டு மடங்கு! சின்னதாகச் செய்வதன் நியாயம் அங்கேதான் இருக்கிறது.

கிடைமட்ட வால்சிறகு இல்லாத முக்கோண இறக்கை என்பதால் வார்ப்பிலும் தேஜஸ் சுத்தமாக வருகிறது. சுகோய்க்கு இரட்டை வால், முன்சிறகு என்று ஒட்டு வேலை அதிகம். வெள்ளி கறுக்கும், சரி, துடைத்தால் போகும். மூக்கு ஊசி வளைந்தால் ஆசாரி நிமிர்த்துவார். துத்தநாகத்தில் ஒடிந்தால் ஒடிந்ததுதான்.

18 காரட் தங்கத்தில் வார்ப்பதா? அதே அச்சில் வெள்ளியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடை. அந்தப் பேச்சை அங்கேயே விட்டேன்.

சித்தப்பா கடைசியாகப் பணியில் இருந்தது சூலூரில், தேஜஸ் நிற்கிற தளம். தஞ்சாவூர் சுகோய் அவருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. தேஜஸுக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். சொன்னதும் ஆச்சி கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை கிராம்ப்பா?"