சேலத்தில் டிஸ்கஸ் மீன் வாங்கப் போகிறவர்கள் முதலில் தண்ணீர் பரிசோதிக்கும் கண்ணாடிக் குழாயை அளந்து பாருங்கள்

நேற்று இரவு ஐந்தாவது மீனும் செத்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. போனது 9,350 ரூபாய். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நகருக்குள் இருக்கும் ஒரு வண்ண மீன் கடை, வாசலில் 'தண்ணீர் பரிசோதனை இலவசம்' என்று பலகை. அவ்வளவுதான் சொல்வேன். வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு சிவதாபுரத்தில். மேட்டூர் தண்ணீர் வருகிற அன்று குடிப்பதற்குப் பிடித்து வைப்போம். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். அதன் லட்சணம் எனக்குத் தெரியாததல்ல. சோப்பு நுரைக்காது. குழாய் முனையில் வெள்ளையாகக் காரை கட்டும். துவரம் பருப்பை அதில் போட்டால் இரண்டு விசில் கூட வைத்தாலும் மலராது. இந்தத் தண்ணீரில் இரண்டு வருடமாகக் கப்பி மீன் வளர்த்தேன். கப்பிக்குக் கடின நீர் பிடிக்கும், குட்டி போட்டுப் பெருகிக்கொண்டே இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. டிஸ்கஸ் வேண்டும் என்றாள். வட்டத் தட்டு போல, நீலமும் ஆரஞ்சுமாக இருக்குமே, அதுதான். அமேசான் ஆற்று மீன், மென்னீர் கேட்கும் என்று படித்திருந்ததால், ஒரு பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். "அக்கா, நீங்கள்தான் சரியான ஆள். எல்லாரும் மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, செத்தபிறகு தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மேசைமேல் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் கிட்டைத் திறந்தார். சிறு கண்ணாடிக் குழாய், அதில் செலோ டேப் ஒட்டி அதற்கடியில் சிவப்பு மையில் ஒரு கோடு. "கோடு வரை தண்ணீர், அதாவது 5 மில்லி. ஒரு சொட்டு மருந்துக்கு ஒரு டிகிரி கடினத்தன்மை. ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும்போது நிறுத்த வேண்டும்" என்று விளக்கினார். பிறகு என் மகளைப் பார்த்து, "பாப்பா, நீயே எண்ணு. மாமா பொய் சொல்வேன், உன் விரல் சொல்லாது" என்று சிரித்தார்.

குழந்தை சத்தமாக எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு சொட்டுக்கும் குழாயை ஆட்டிக் காட்டினார். ஏழாவது சொட்டில் பச்சை. கடையில் நின்ற இன்னொருவர்கூடக் கைதட்டினார். "ஏழு டிகிரி! டிஸ்கஸுக்கு அல்வா மாதிரித் தண்ணீர் அக்கா."

நான் நம்பியது அந்த இடத்தில்தான். என் வேலை கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுவது. வெள்ளியை மில்லிகிராம் வரை பார்த்துப் பதிகிறவள், தராசை ஒவ்வொரு நாள் காலையும் படிக்கல் வைத்துச் சரிபார்க்கிறவள், செலோ டேப்பின் அடியில் கையால் போட்ட ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. மாக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிற ஊர் இது. மாக்னசைட் என்றால் மக்னீசியம் கார்பனேட். தண்ணீரைக் கடினமாக்குவது கால்சியமும் மக்னீசியமும்தான். இந்த ஊர் போர் தண்ணீர், அதுவும் பருப்பு வேகாத தண்ணீர், ஏழு டிகிரி என்றால் நம்பலாமா?

ஆறு மீன், ஒன்று 1,100 வீதம் 6,600. அந்தக் கிட் 1,250. ஹீட்டர் 900. ஏதோ ஒரு நீலத் திரவம் 600. மொத்தம் 9,350, செல்போனில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதே குழாயில் நானும் எண்ணினேன். ஏழேதான். அம்மா மட்டும், "பருப்பே வேகாத தண்ணீரில் உன் மீன் எப்படியடி வாழும்?" என்றார். கிட்டைக் காட்டி அம்மாவின் வாயை அடைத்தேன்.

இரண்டாம் நாளே மீன்கள் கறுத்தன. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் சாய்ந்து நின்றன. நான்காம் நாள் ஒன்று செத்தது. போன் செய்தேன். "புது இடம் அக்கா, பழகும்." மறுநாள் இன்னொன்று. "ஒரு பிடி கல் உப்பு போடுங்கள்." மூன்றாவது செத்தபோது ஒரு டிடிஎஸ் பேனாவை 450 ரூபாய்க்கு விற்கப் பார்த்தார். அந்தப் பேனா தண்ணீரில் கரைந்த எல்லா உப்பையும் சேர்த்து மின்கடத்தலை வைத்துக் காட்டும். அதில் கடினத்தன்மை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. இதைக் கேட்டதும், "நீங்கள் ரொம்பப் படித்துவிட்டீர்கள் அக்கா" என்று வைத்துவிட்டார். அதற்குப்பின் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்.

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்தேன். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 430 மில்லிகிராம் என்று தாளில் வந்தது. ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 17.8 மில்லிகிராம். ஏழு டிகிரிக்கு 125தான் வர வேண்டும். 430 என்றால் 24 டிகிரி!

அன்று இரவு தூக்கமில்லை. மகளுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும் 5 மில்லி சிரிஞ்சை எடுத்தேன். நிறையத் தண்ணீர் இழுத்து அந்தக் கண்ணாடிக் குழாயில் விட்டேன். ஒன்றரை மில்லியிலேயே சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. அளக்கும் தண்ணீர் குறைந்தால் சொட்டும் குறையும், வேறு மாயம் ஒன்றும் இல்லை. முழு 5 மில்லி எடுத்து மறுபடி எண்ணினேன். ஏழு, பத்து, பதினைந்து, இருபது, அப்போதும் ஆரஞ்சுதான். இருபத்து நான்காவது சொட்டில் பச்சை. மருந்து சரி, குழாய்தான் பொய்.

மறுநாள் நேரில் போனேன். அவன் இல்லை (இனி 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை). வேலைக்கு நிற்கும் பையனிடம், டிஸ்கஸ் தொட்டிக்கு என்ன தண்ணீர் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "கேன் தண்ணீர் அக்கா. போர் தண்ணீர் ஊற்றினால் அண்ணன் அடிப்பார்." கேன் தண்ணீர் மென்னீர். அதிலேயே வளர்ந்த குஞ்சுகளை ஒரே நாளில் 24 டிகிரியில் விட வைத்திருக்கிறான்.

அவன் வந்ததும் குழாயைக் காட்டினேன். கிட்டோடு வந்த குழாய் உடைந்துவிட்டதாம், நல்லெண்ணத்தில் வேறு கொடுத்தானாம். "வீட்டில் நீங்களும் அளந்தீர்களே, ஏழுதானே வந்தது?" என்று என்னையே கேட்டான். 9,350 ரூபாயைத் திருப்பிக் கொடு என்றேன். உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தானோ, ஒரு பையில் நான்கு மோலி மீனைப் பிடித்து நீட்டினான். "இதை வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. உங்கள் ஏரியா தண்ணீருக்கு மோலிதான் நிற்கும்."

அப்படியென்றால் முதல் நாளே தெரியும்! பையை மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், கை நடுங்குகிறது, இவ்வளவுதான் முடிகிறது: கிட் பெட்டி சீல் உடையாமல் இருக்க வேண்டும். குழாயை மருந்து சிரிஞ்சால் அளந்து பாருங்கள். கடைத் தொட்டியில் என்ன தண்ணீர் என்று முதலாளியிடம் கேட்காதீர்கள், பையனிடம் கேளுங்கள். தனித்தனியாக விலை எழுதிய பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நினைக்கும் எனக்கு இப்போது அந்தத் துண்டுச் சீட்டுதான் தலைவலி.

ஆறாவது மீன் இன்னும் உயிரோடு இருக்கிறது. கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு டப்பில் வைத்திருக்கிறேன், இன்று காலை ஒரு புழுவைத் தின்றது. நாளை ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் இருக்கும். சிரிஞ்சையும் குழாயையும் எடுத்துக்கொண்டு போகிறேன். எண்ணுவதற்கு மகளும் வருகிறாள்.